மன்னிப்பின் பின்னர்

1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் நடுவே புயலால் பக்கப் பலகைகள் பிளந்துபோன கப்பலொன்றில், விடியுமுன்னே தொடங்கி நண்பகல் வரையில் நீரை இறைத்து இறைத்துக் கைசோர்ந்த ஜான் நியூட்டன் என்னும் ஆங்கில மாலுமி, அதுகாறும் தான் பரிகசித்து வந்த கர்த்தரின் நாமத்தைச் சொல்லி இரக்கம் வேண்டினான். அந்நாளை ஆயுள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தான். ஆயினும், கரை சேர்ந்த பின்னரும் அவன் அடிமை வாணிபத்தை விட்டானில்லை. அடிமைக் கப்பல்களுக்குத் தலைவனாகவும் அமர்ந்து, மேல்தட்டில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தி, அடித்தட்டில் விலங்கிட்ட மனிதரைச் சுமந்து சென்றான். 1754இல் அவனைக் கடலினின்று விலக்கியது நோய், மனச்சாட்சியன்று.

இதைப் படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. எனினும், பாவி கதறிய கணத்திலேயே கிட்டிவிடும் மன்னிப்பானது, இருதயத்தின் பூட்டிய அறைகளிலெல்லாம் புகுந்து, பாவமென்றே நாம் அறியாதிருந்தவற்றையும் வெளிச்சத்துக்குக் கொணர்வதற்கு நெடுங்காலம் பிடிக்கிறது என்பதே என் துணிபு. இரட்சிப்பு அவ்வளவு பொறுமையுள்ளது.

1764இல் குருப்பட்டம் பெற்ற நியூட்டன், 1788இல், தாம் பங்குகொண்ட அடிமை வாணிபத்தின் கொடுமையை, கால்விலங்கோடு நெருக்கி நெருக்கிக் கிடத்தப்பட்ட மனிதரின் நிலையோடு விவரித்து நூலொன்று வெளியிட்டார். நாணத்தோடு தம் குற்றத்தை அதில் ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், பாராளுமன்றக் குழுவின் முன்னும் சென்று சாட்சி கூறினார்.