தோட்டத்துக் கோயிலும் சரியை நெறியும்

நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமயம் ஒரு பாடமாக வந்ததில்லை. லயத்து வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி நின்ற மாரியம்மன் கோயிலாகவும், மரத்தடியில் சூலம் நட்டு வைத்த முனீஸ்வரனாகவும், மார்கழி விடியலின் பஜனையாகவும், ஆண்டுத் திருவிழாவின் கரகமும் காவடியும் தீமிதியுமாகவுமே அது வந்தது. கரகத்துக்கு வேப்பிலை பறிக்கவும், கூழ் காய்ச்சும் அடுப்புக்கு விறகு சுமக்கவும், கோயில் முற்றத்தில் மண்டிய லாலான் புல்லைச் செதுக்கவும் பழகிய பிள்ளையிடம் இவற்றின் பொருளை எடுத்துச் சொன்னவர் மிகச் சிலரே. பொருள் அறியாது செய்யும் வழிபாடு வழிபாடாகுமா என்பதே இளையோருக்குச் சமயம் கற்பிக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

சைவ சித்தாந்தம் இக்கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், விளக்கிடுதல் முதலிய உடல்வழித் தொண்டைச் சரியை என்றும், முறைப்படி செய்யும் பூசையைக் கிரியை என்றும், மனத்தை உள்முகமாக ஒடுக்குவதை யோகம் என்றும், இறையை உணர்ந்து நிற்பதை ஞானம் என்றும் அது வகுக்கிறது. தாயுமானவர் இவற்றை அரும்பு முதல் கனி வரையான வளர்ச்சிக்கு ஒப்பிட்டதனால், அரும்பைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கனிக்குக் காத்திருப்பது அறியாமை என்பது பெறப்படும். கையில் உழவாரம் ஏந்திக் கோயில் தோறும் புல் செதுக்கிய திருநாவுக்கரசரே சரியை நெறியின் முன்மாதிரியாகப் போற்றப்படுகிறார் என்றால், தோட்டத்துப் பிள்ளை மண்வெட்டியோடு செய்த வேலையை வெறும் எடுபிடி வேலை என்று ஒதுக்குவதற்கு இடமே இல்லை.

பால் மரங்கள் செம்பனைக்கும், பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டபோது, லயங்கள் கலைந்து குடும்பங்கள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் போன்ற ஊர்களின் அடுக்கு வீடுகளுக்குச் சிதறின. நடந்து போகும் தொலைவில் கோயில் இல்லாமல் போனதோடு, பார்த்துப் பழகிக் கற்கும் வாய்ப்பும் போயிற்று. அரசுப் பள்ளியில் முஸ்லிம் மாணவர்க்கு இஸ்லாமியக் கல்வியும் பிறருக்கு நன்னெறிக் கல்வியும் கற்பிக்கப்படுவதால், இந்துப் பிள்ளை தன் சமயத்தை வகுப்பறையில் பயில வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் சமய வகுப்புகளையும், வட்டார நிலையில் தொடங்கித் தேசிய நிலை வரை செல்லும் திருமுறை ஓதும் விழாவையும் நடத்தி வருகிறது. இது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சில வகுப்புகளில் திருமுறையைப் புகட்டும் ஆர்வத்தில் முனீஸ்வரனையும் உருமி மேளத்தையும் படிப்பறியாதோர் வழக்கமென்று தாழ்த்திப் பேசும் போக்கு தலைகாட்டுவது பெரும் பிழையாகும். பாட்டியின் வழிபாட்டைப் பழித்துக்கொண்டு பேரனுக்குச் சமயம் கற்பிக்க இயலாது.

செயலும் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்வதற்கு இம்மாநிலமே ஒரு சான்று தருகிறது. நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913இல் மலாயா வந்து, சிரம்பானுக்கு அருகில் ஒரு தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழாண்டுகள் பணியாற்றினார். ஏழை நோயாளிகளுக்குத் தம் கைப்பணத்தையும் கொடுத்து உதவிய அவர், சாது ஒருவர் தந்த வேதாந்த நூலைப் படித்தபின் அகவழி நாட்டம் முதிர்ந்து, ஜோகூரில் சிறிது காலம் பணிபுரிந்து, 1923இல் இந்தியா திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். நூல் அவர் கைக்கு வருமுன்பே புண்ணைக் கழுவும் தொண்டு அவர் கைக்கு வந்திருந்தது என்பதும், 1936இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தியானத்துக்கு முன்பே தொண்டை வைத்துப் போதித்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மும்மலம் என்னும் சொல்லை முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, விடிகாலையில் அவனைக் கருவறை வாசலுக்கு அழைத்து, நேற்றுச் சாத்திய மாலைகளாகிய நிர்மாலியத்தை அர்ச்சகரிடமிருந்து வாங்கிக் களையச் செய்வதும், திருநீற்றைச் சலித்துத் தட்டில் நிரப்பச் செய்வதும் நல்ல தொடக்கமாகும். விரலில் ஒட்டிய அந்தச் சாம்பலைக் காட்டி, சாணம் எரிந்து வெண்மையாகியது போல ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று அழுக்கும் அருளால் எரிய வேண்டும் என்று அப்போது சொன்னால், சொல் கையிலிருந்து மனத்துக்கு ஏறும். உருமி அடிக்கும் இளைஞனுக்கும் இது பொருந்தும். அவன் ஏற்கெனவே கோயிலுக்குள் வந்துவிட்டவன், அவனிடம் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

மலாய்ப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்தறியாத பிள்ளை தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. ழகரமும் ளகரமும் அந்த எழுத்தில் கலங்கிப் போவது உண்மையே. ஆனால் பாடி முடித்த பிள்ளை தாளை நீட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் ஐயா என்று கேட்கும் நாளில், ஆசிரியர் அதன் அருகிலேயே அதே சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டலாம்.