நடந்துபோகும் தூரம்

மூன்றாம் நாள் மதியம். சரப் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது. எதிர்மலை அதை வாங்கி இந்தப் பக்கம் எறிந்தது. இந்த மலை அந்தப் பக்கம் எறிந்தது. முன்னால் போன வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்றார். இரண்டும் வெடித்து, புழுதி ஆற்றுக்குள் இறங்கிய பிறகுதான் நகரவிட்டார். "ரோடு வருது" என்று இந்தியில் சொன்னார்.

நாங்கள் ஆறு பேர். ஆறு முகமும் சுண்டிப்போயின. அவர் முகத்தையும் பார்த்தேன். தொலைவில் இடி கேட்ட மானாவாரி விவசாயிக்கு வருமே ஒரு முகம், அது. அந்த முகத்துக்கும் எங்கள் முகத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி, ஊர் திரும்பி இத்தனை வருஷமாகியும் என்னை விட்டபாடில்லை.

ஜான்ஸ்கர் லடாக்கின் தெற்கில் மலைகளுக்குள் மடித்துவைத்ததுபோல் கிடக்கும் பள்ளத்தாக்கு. பதும் என்கிற சிற்றூர்தான் அதன் தலைமையிடம். கார்கிலில் இருந்து வரும் சாலை 4,400 மீட்டர் உயரத்தில் பென்ஸி லா கணவாயைத் தாண்டி வர வேண்டும். பனி விழுந்தால் கணவாய் மூடிவிடும். அப்புறம் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியுலகம் இருக்கவில்லை, நாங்கள் போன காலத்தில். குளிர் உச்சத்துக்குப் போகும்போது ஜான்ஸ்கர் ஆறே உறைந்து பாதையாகும். சாதர் என்பார்கள். போர்வை என்று பொருள். அந்தப் பனிப்போர்வையின்மேல் நாள்கணக்கில் நடந்து, இரவில் குகைகளில் தங்கி, சிந்து நதிக்கரையை அடைந்து லே போய்ச்சேர்வார்கள். பலருக்கு அது சாகசப் பயணம். ஜான்ஸ்கர்காரர்களுக்கு அன்று அதுதான் வழி.

நான் போனது தொலைவைத் தேடி. ஐம்பதைத் தாண்டிய வயது. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வேலை. எட்டு நாள், யாரும் எட்டமுடியாத இடத்தில் நடக்க வேண்டும் என்பதே அந்தப் பயணத்தில் எனக்கிருந்த ஒரே ஆசை. பணம் கட்டினேன். வழிகாட்டி, சமையல்காரர், குதிரைக்காரர், எட்டுக் குதிரைகள், எல்லாம் ஏற்பாடாகி இருந்தன. லேயில் உடம்பு பழகுவதற்காக மூன்று நாள் சும்மா இருந்தோம். 3,500 மீட்டர் உயரம். மூச்சுக்குக் கிடைப்பது கடல்மட்டத்துக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொண்டது.

வழிகாட்டி லுங்நாக் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், நாற்பது வயதுக்காரர். அவர் நடையைப் பார்த்து முதல்நாள் எனக்குப் பொறுமை போயிற்று. மாசமான பெண் நடப்பதுபோல அப்படி ஒரு நிதானம். "குலே, குலே" என்பார். மெதுவாக, மெதுவாக. இரண்டாம் நாள் ஏற்றத்தில்தான் புரிந்தது, அது எங்களில் மிகவும் தளர்ந்தவருடைய மூச்சைக் கணக்கிட்டுப் போடுகிற நடை என்று. ஆறு பேருடைய மூச்சும் பின்னாலிருந்து அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் என் வீட்டாரோடு, கூட வேலை செய்கிறவர்களோடு எங்கே போனாலும் பத்தடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்க்கிறவன். அப்படி நிற்பதைக் காத்திருத்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழியில் மணிச் சுவர்கள் வரும். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளச் சுவர். அதை வலக்கைப் பக்கம் வைத்துக் கடக்க வேண்டும். மீனாட்சி கோயில் பிராகாரத்தைச் சின்ன வயதிலிருந்து சுற்றிய கால்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

வெடிச்சத்தம் கேட்ட அன்று இரவு வழிகாட்டியின் வீட்டிலேயே தங்கினோம். பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கிராமம். வெள்ளையடித்த மண்வீடு, கூரைமேல் குளிர்காலத்துக்காக அடுக்கிய வறட்டியும் வைக்கோலும். அடுப்பைச் சுற்றித்தான் வீடு. சுவர் அலமாரியில் செம்பும் பித்தளையும் வரிசையாக மின்னின. அவருடைய தாயார் உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்; கோப்பையில் பாதி குறைந்தால் நிரப்பிவிடுவார். வறுத்த பார்லி மாவை அதிலேயே பிசைந்து தின்னச் சொன்னார். 'அமா-லே' என்று கூப்பிடச் சொல்லித்தந்தார்கள். இந்த 'லே' மரியாதைக்காக. அமாவுக்கும் நம் அம்மாவுக்கும் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.

அமா-லே என்னிடம் நிறையக் கேட்டார். மகன் இந்தியில் சொன்னார். உங்கள் ஊரில் என்ன விளையும், மாடு உண்டா, அம்மா இருக்கிறாரா. அம்மா இருக்கிறார், எண்பத்திரண்டு வயது என்றேன். அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். "நடந்தா?" என்றார். "ஆட்டோவில்" என்று சொன்னேன். நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தூரத்தை நடையில் அளந்து அவர் கேட்டதன் காரணத்தைப் பிறகு மகன் சொன்னார், அடுப்படியில் அம்மா உட்கார்ந்திருக்கும்போதே. ஏழு வயதில் அவரைப் படிக்க லேக்கு அனுப்பினார்கள். ஜான்ஸ்கரிலிருந்து அப்படி எத்தனையோ பிள்ளைகள் போவது வழக்கம். நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டும். அப்பா கூட நடந்து உறைந்த ஆற்றின்வழி கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் வீட்டுக்கு வரவில்லை. பனி சரியாகப் பிடிக்காத வருஷம், அப்பாவுக்குக் கால் சரியில்லாத வருஷம், இப்படியே நான்கு. பதினொரு வயதில் வந்து வாசலில் நின்றபோது அம்மா இவரைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாராம். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என்ன சொல்கிறான் என்று புரிந்துகொண்ட அமா-லே கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அந்த வீட்டில் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயரத்தினால் என்றும் சொல்லலாம். நான் தொலைவு என்று சொல்லிப் பணம் கட்டி வாங்கியது இந்த நான்கு வருஷத்தைத்தானே என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது படுக்கவிடவில்லை. எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு அழகாக இருந்ததற்கும் அந்தத் தாய்க்குத் தன் பிள்ளை அடையாளம் தெரியாமல் போனதற்கும் காரணம் ஒன்றே. சாலை இல்லை. நம் மொழியில் தொலைவும் தொலைதலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எத்தனையோ முறை எழுதிய சொல். அன்றுதான் காதில் விழுந்தது.

மறுநாள் காலை புக்தால் மடத்துக்கு ஏறினோம். ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக எழும் பாறை. அதன் நடுவயிற்றில் பெரிய குகை. குகைவாயிலிருந்து கீழ்நோக்கி மண்ணும் மரமுமாய்த் துறவிகளின் அறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சுவர் மூலையில் குளவி கட்டும் மண்கூட்டை மலையளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அப்படி இருக்கும். குகைக்குள் ஒரு சுனை. மடம் உருவானது பதினைந்தாம் நூற்றாண்டில். துறப்பதற்கு இதைவிடத் தோதான இடம் பூமியில் இருக்க முடியாது என்று கீழே நின்று நினைத்தேன்.

ஏறும் வழியில் எங்களுக்கு முன்னால் குதிரைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் அரிசி மூட்டை, ஒன்றில் சமையல் எரிவாயு உருளை, ஒன்றில் சிமென்ட். நெடுநேரம் அந்த உருளையின் பின்னாலேயே நடந்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது ஊருக்குப் பக்கத்து மலைகள் ஞாபகம் வந்தன. மதுரையைச் சுற்றிக் கீழக்குயில்குடியிலும் ஆனைமலையிலும் மாங்குளத்திலும் குகைகளில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை உண்டு. மாங்குளத்துத் தமிழி கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெள்ளறை நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே கூட்டிப்போன ஆசிரியர், துறவிகள் ஏன் காட்டுக்குள் போகாமல் இந்த மலைகளைத் தேர்ந்தார்கள் என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. படுக்கைமேல் உட்கார்ந்து பாருங்கள் என்றார். கீழே ஊரும் வயலும் தெரிந்தன. பிச்சைக்கு இறங்கி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடும் தூரம்.

புக்தாலும் அப்படித்தான். கிராமத்து வீடுகளிலிருந்து பார்லி வருகிறது, வெண்ணெய் வருகிறது, பிள்ளைகளே வருகிறார்கள். மடமும் பதிலுக்குக் கொடுக்கிறது. சாவுக்கும் நோய்க்கும் துறவி இறங்கிப்போகிறார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறது. துறவி இருந்த இடத்துக்கும் பிள்ளை படிக்கும் இடத்துக்கும் தமிழில் பள்ளி என்று ஒரே பெயர். அது எப்படி வந்திருக்கும் என்று அந்தச் சரிவில் நின்றபோது கண்ணுக்கே தெரிந்தது. குகைக்குள் உட்கார்ந்தவர்கள் ஊரின் கண்ணில் படும்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். முற்றிலும் எட்டாத இடம் எந்தத் துறவிக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

மடத்தில் ஒரு கல் பலகை இருக்கிறது. ஹங்கேரியரான அலெக்சாண்டர் சோமா த கொரோஷ் அங்கே தங்கியதன் நினைவாக வைத்தது. தன் இனத்தின் பூர்வீகத்தைத் தேடி 1819-இல் ஊரைவிட்டுக் கிளம்பியவர். பெரும்பகுதி நடந்தே ஆசியாவுக்குள் வந்தார். 1823-இல் ஜான்ஸ்கரின் ஸங்லா அரண்மனையில் ஒரு சிறு அறையில், குளிர்காலத்திலும் தீமூட்டாமல், ஒரு லாமாவுடன் உட்கார்ந்து திபெத்திய நூல்களைப் படித்தார். பிறகு புக்தாலுக்கு வந்தார். 1834-இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி அச்சானது. பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கவில்லை, 1842-இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. தொலைவு அவருக்கு ஓய்விடமாக இருக்கவில்லை. வேலை அங்கே இருந்தது, இருந்தார். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது, என் பையிலிருந்த திரும்பும் விமான டிக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. அமா-லேயின் பள்ளத்தாக்கை நான் பார்த்த விதமெல்லாம் அந்த டிக்கெட் இருந்ததனால் பார்த்த விதம்.

இத்தனைக்கும், சாலை வந்தால் இழப்பே இல்லை என்று யாரும் அங்கே என்னிடம் சொல்லவில்லை. எங்கள் குதிரைக்காரரிடம் கேட்டேன். சாலை முடிந்தால் இரண்டு குதிரையை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவேன், கடன் வாங்கி ஜீப் எடுப்பேன் என்றார். பிறகு, குதிரைகளை வாங்க யார் இருப்பார்கள் என்று என்னையே கேட்டார். எல்லா ஊரிலும் அப்போது குதிரை விலைக்கு வருமே. அவர் துக்கம் நியாயமானது. எங்கள் ஆறு பேருடைய சுண்டிய முகத்தை அதன் பக்கத்தில் வைக்கவே எனக்குக் கூசுகிறது. ஆனாலும், சாலையில்லாத பாதை என்பது என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2014-ஆம் ஆண்டின் கடைசிநாளில் புக்தாலுக்கு மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்தது. பின்னால் ஏரி நிறைந்துகொண்டே வந்தது. 2015 மே மாதம் அது உடைத்துக்கொண்டபோது பாலங்கள் போயின. பாலம் போனால் அங்கே எதிர்க்கரை வேறு நாடு.

எட்டாம் நாள் பதும் வந்ததும் போனை உயிர்ப்பித்தேன். சிக்னல் வந்தது, தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள் வரிசையாக விழுந்தன. அம்மா பத்தொன்பது முறை கூப்பிட்டிருந்தார். நெஞ்சு நின்றுவிட்டது. கூப்பிட்டால், ஒன்றும் இல்லைப்பா என்கிறார். சிக்னல் இருக்காது என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன் என்றேன். "தெரியும். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு ஒரு பொண்ணு சொல்லுதுல்ல, அதையாச்சும் கேப்போம்னுதான்" என்றார்.

என் எட்டு நாள் அமைதியை யார் சுமந்தார்கள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. தொலைவுக்கு இரண்டு முனை இருக்கிறது. போகிறவன் கையில் ஒன்று, வீட்டில் இருப்பவர் கையில் ஒன்று. போகிறவன் எழுதுகிறான், படம் எடுக்கிறான். மறுமுனையில் இருப்பவர் போனில் ஒரு இயந்திரக் குரலைப் பத்தொன்பது முறை கேட்கிறார். அமா-லேக்கு அதுவும் இருந்திருக்கவில்லை.

2024 மார்ச்சில் நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை ஒன்றுசேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஷிங்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு முதல் வெடி வைத்தார்கள். அது முடிந்தால் குளிர்காலத்திலும் வழி திறந்திருக்கும். வழிகாட்டி எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஜீப்பின் முன்சீட்டில் அமா-லே, ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. லேயில் கண்ணில் ஆபரேஷன் முடித்து வீடு திரும்புகிறார்.

அதற்குச் சில நாள் கழித்துப் பயண ஏற்பாட்டாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஆகஸ்டில் வேறொரு பள்ளத்தாக்கு, இன்னும் உள்ளே. சாலை இன்னும் வரவில்லை. போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த மலையின்மேல் இருக்கும் ஆசை பொய்யில்லை. முன்பு செய்ததுபோல முடிவெடுத்துவிட்டுச் சொல்லாமல், இந்த முறை அம்மாவிடம் கேட்டேன்.

"எத்தன நாளைக்குப்பா அந்தப் பொண்ணு பேசும்?" என்றார்.

எட்டு நாள் என்றேன். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரையும் பேனாவையும் எடுத்துவரச் சொன்னார். "நீயே வட்டம் போட்டுக் குடு. எனக்குக் கண்ணு தெரியல."