நாமும் நாங்களும்

பிறிதொரு மொழியைக் கற்பது தாய்மொழிக்கு இழைக்கும் துரோகமாகுமா? கோலா கிளாவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் நாம், முப்பது வயதுக்குமேல் இந்தி எழுத்துக்களைக் கற்கத் தொடங்கியபோது, நண்பர் சிலர் இவ்வாறு வினவினர். வினா நியாயமானதே. மானமுள்ள தமிழர் இதனை நகைத்து ஒதுக்கலாகாது.

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ராஜாஜியின் சென்னை மாகாண அரசாங்கம் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கிற்று. பெரியார் ஈ.வெ.ரா. உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை எதிர்த்துச் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல், தண்டனைக் காலத்திலேயே உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் நீங்கிற்று.

மூன்றாண்டு கழிந்து, 1943-இல், நம் மலாயாவில் நிகழ்ந்ததைக் காண்மின். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இந்தியின் உடன்பிறப்பாகிய இந்துஸ்தானியே கட்டளைமொழி. ரப்பர்த் தோட்டங்களினின்று சென்ற தமிழர் பலர் அதனைக் கற்றனர். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்களும் கற்றனர். நேதாஜி இந்துஸ்தானியிற் பேசியபோது, அவருரை தமிழிற் பெயர்த்துச் சொல்லப்பட்டது.

இரண்டிடத்தும் தமிழர் தமிழரே. மொழியும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு யாது? முன்னது கற்பவரைக் கேளாமலே சுமத்தப்பட்டது. பின்னது பலர் தாமே விரும்பி ஏற்ற காரியத்துக்குக் கருவியாயிற்று. பகைமை மொழியின்மேலன்று, திணிப்பின்மேல் என்பது இதனால் விளங்கும்.

ஆயின், விரும்பிக் கற்றால் மட்டும் அறமாகிவிடுமா? ஆகாது. வெள்ளைக்காரத் துரைமாரும் தமிழ் கற்றனர். இலங்கைத் தோட்டத் துரைமாருக்கெனக் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே ஒரு பாடநூல் அச்சாயிற்று. பெயரே நோக்கத்தை உரைக்கின்றதன்றோ? வா, போ, வெட்டு, சும என்று ஏவுதற்கென்றே ஒரு மொழியைக் கற்பவன், அம்மொழி பேசுவாரின் கைகால்களை அறிவான், உள்ளத்தை அறியான்.

இவ்வபாயம் இன்று நம்மையும் சூழ்ந்துள்ளது. நம் பாட்டன்மார் பாடுபட்ட மலேசியத் தோட்டங்களில் இந்தோனேசியரும், வங்கதேசத்தவரும், நேபாளியரும், இந்தியாவினின்று வந்தோரும் இப்போது பாடுபடுகின்றனர். இவருள் இந்தி அறிந்தார் பலர். செக்ரோல் புத்தகமோ நம்போன்ற கிராணிமார் கையில். இந்தியில் முன்னிலைக்குத் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று சொற்கள் உண்டு. மூன்றாவதே மரியாதைச் சொல். விடியற்காலைப் பெரட்டில் வந்து நிற்கும் அயலானை இவற்றுள் எதனால் அழைப்பது? இது வெறும் இலக்கணமன்று, ஒழுக்கம். துரைமார் நம் பாட்டன்மாரை விளித்த விதத்தை மறவாதவர் 'ஆப்' என்றே தொடங்குவர்.

இன்னுமொன்று. கேட்பவரையும் உட்படுத்திச் சொன்னால் தமிழில் 'நாம்'; விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' என்னும் ஒரு சொல்லே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், அன்றாடம் வாயில் வழங்கும் இவ்வேற்றுமையின் அருமையை 'ஹம்' என்ற சொல்லைக் கற்ற பின்னரே உணர்ந்தோம். மொழியைத் திணிப்பவர் 'நாம் ஒரே மக்கள்' என்பர். அவர் உள்ளத்திலிருப்பதோ 'நாங்கள்'. தாய்மொழியின் செல்வத்தை அயல்மொழி எடுத்துக்காட்டுமாயின், அதனைக் கற்றல் துரோகமாவது எங்ஙனம்? தம் மக்களுக்குத் தமிழ் எழுத்தையே கற்பியாது விடுவதன்றோ துரோகம்!

ஆதலின், இந்தி கற்கப் புகும் தோட்டத்து நண்பர்க்கு நாம் கூறுவது இதுவே. முதற்பாடம் ஏவலாயிருத்தல் வேண்டா, வினாவாயிருக்கட்டும். 'உங்கள் கூலிக் கணக்கிற் குறையுண்டா?' என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் விடை விளங்குமளவும் மேலும் கற்றுக்கொள்ளுங்கள். குறை இருப்பின் புத்தகத்தைத் திருத்துங்கள். அந்நாளில்தான் அவரும் நாமும் சேர்ந்து 'நாம்' ஆவோம்.