வேண்டாம் என்பது கேட்கும் தூரம்

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல டிஎஸ்எல்ஆர் பாடி மட்டும் ஒண்ணு வாங்கிட்டேன். கையில இன்னும் கொஞ்சம் காசு இருக்கு. டெலி ஜூம் வாங்கவா, ஃபிஃப்டி வாங்கவா?"

இதற்கு யூடியூபில் ஆயிரம் பதில்கள் கிடைக்கும். நானும் அதில் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் எனக்கு மணிமங்கலமும் ஒரு கம்பெனி பஸ்ஸின் ஜன்னலும்தான் நினைவுக்கு வரும்.

என் முதல் கேமராவை 2016இல் வாங்கினேன். பாடியோடு இரண்டு லென்ஸ் சேர்ந்து வரும் ஆஃபர். 18–55 ஒன்று, 55–250 ஒன்று. அப்போது மணிமங்கலத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற பக்கம் இருக்கும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. இன்றைக்கு விடியற்காலையில் சாலையில் நின்றால் தெரிவது ஷிஃப்ட் பஸ்கள்தான்.

சனிக்கிழமைகளில் 250ஐ மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போவேன். நாரை, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா. திரும்பும் வழியில் ஒரு அக்காவின் டீக்கடை. ஒருநாள் அங்கே நின்றிருந்தபோது எதிர்ப்பக்கம் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பஸ் ஒன்று நின்றது. ஜன்னலில் தலை சாய்த்து ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, கண்ணாடியில் பனித்துளி, முகத்தில் மஞ்சள் வெயில். எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அன்று மாலையே ஃபேஸ்புக்கில் போட்டேன். 'ஆன்மாவைத் தொட்டுவிட்டீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து டீக்கடை அக்கா கேட்டார். "தம்பி, நீதானே அந்தப் பொண்ண போட்டோ புடிச்சது? மொதல்ல அத ஃபேஸ்புக்லேர்ந்து தூக்கிடுப்பா. பகல் ஷிஃப்ட்தான்னு வீட்ல சொல்லி வச்சிருந்துது அது. ஊர்ல யாரோ காட்டிட்டாங்களாம்."

அங்கேயே நின்று அழித்தேன். அடுத்த மாதம், அந்தப் பெண் ஊருக்கே போய்விட்டதாக அக்கா சொன்னார். என் படத்தால்தானா, கான்ட்ராக்ட் முடிந்ததாலா, தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் இடத்தில் நான் ஒருபோதும் நின்றிருக்கவில்லை.

முதலில் எனக்கு நானே வக்கீலானேன். பொது இடம். சட்டப்படி தப்பில்லை. கேவலமாக எடுக்கவில்லை, மரியாதையோடுதான் எடுத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஏதோ உறுத்தியது. நான் இன்ஜினியரிங் படித்தவன், உறுத்தலைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

கணக்கு எளிது. இடுப்புக்கு மேல் ஒருவரை, கேமராவைக் கிடையாகப் பிடித்து, சட்டகம் நிறைய எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சிறிய சென்சாரில், 250 எம்எம்முக்கு ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50க்கு 3 மீட்டர். 35க்கு 2 மீட்டர். மூன்றிலும் அந்த ஆள் ஒரே அளவில்தான் தெரிவார். மாறுவது நாம் நிற்கும் இடம்.

'டெலி லென்ஸ் பின்னணியை நெருக்கிக் காட்டும்' என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையில் லென்ஸ் அதைச் செய்வதில்லை. ஒரே இடத்தில் நின்று 50இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், முன்னதும் பின்னதும் 250இல் தெரிவது போலவேதான் தெரியும். பொருள்களுக்கு இடையே என்ன உறவு என்பதைத் தீர்மானிப்பது கண் இருக்கும் இடம் மட்டுமே. ஜூம் வளையத்தைத் திருகும்போது நான் அந்தப் பெண்ணிடம் நெருங்கியதாக நினைத்தேன். ஓர் அங்குலம்கூட நெருங்கவில்லை.

2 மீட்டரில் நின்றிருந்தால் அவள் விழித்திருப்பாள். முகத்தைத் திருப்பியிருப்பாள். "என்ன வேணும்?" என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்விக்கு வாய்ப்பில்லாத இடத்தில் நின்றுகொண்டுதான் நான் மரியாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் கிட்டப் போய்விட்டால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார், படங்களும் எடுக்கப்பட்டன. 1909இல் அவை ஏழு தொகுதிகளாக வந்தன. அவரைவிடக் கிட்டப் போனவர் யார்? கையால் தொட்டே அளந்தார். ஆனால் வெள்ளைக்கார அதிகாரி அளவெடுக்கும்போது எதிரே நிற்பவர் 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்? இரண்டடி தூரத்திலும் ஒருவரின் மறுப்பு காதில் விழாமல் போகலாம்.

ஆக, நான் தேடிய அளவை மீட்டரில் இல்லை. எதிரில் இருப்பவர் 'வேண்டாம்' என்றால் எனக்குக் கேட்க வேண்டும், கேட்டால் நான் நிறுத்த வேண்டும். அந்த இடம்தான் சரியான தூரம். சிலரிடம் அது ஒரு கை நீளம். சிலரிடம் ஆறு மாதப் பழக்கம். மலக்குழி மரணங்களைப் பேசும் 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார், மீன் விற்கும் தன் அம்மாவையும் படமெடுத்தவர். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, எடுத்தவர் அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர் என்று தோன்றும். எந்த லென்ஸ் என்று கேட்கத் தோன்றாது.

இதே சாலைகளின் பெண்கள் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றபோது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையில் உட்காருவது என்றால், எங்களைப் பாருங்கள் என்று சொல்வதுதான். அன்றைக்கு எந்த லென்ஸில், எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்திருந்தாலும் அது திருட்டாகாது. பஸ்ஸில் தூங்குகிறவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் 'வேண்டாம்' வேறு கணக்கு. லத்தியை ஓங்கும் கையைப் படமெடுக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பறவைகளிடம் நிலைமை தலைகீழ். கூடு கட்டியிருக்கும் நாரைக்குப் பக்கத்தில் 35ஐத் தூக்கிக்கொண்டு போனால் அது முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். அதன் 'வேண்டாம்' அதுதான். அங்கே 250 போட்டுத் தள்ளி நிற்பதுதான் மரியாதை. அந்த லென்ஸை நான் விற்கவில்லை. ஏரிக்கு மட்டும் எடுத்துப்போகிறேன்.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். "ஒரு ஃபிக்ஸட் லென்ஸ் வாங்கு. உன் கேமராவுல ஃபிஃப்டி போட்டா எண்பது மாதிரி ஆயிடும், சின்ன ரூமுக்குள்ள செவுத்துல இடிச்சுப்ப. முப்பத்தஞ்சு கிடைச்சா நல்லது. எஃப் 1.8ல கிட் லென்ஸோட 5.6ஐ விட ஒம்போது மடங்குக்கு மேல வெளிச்சம் வரும், ராத்திரி டீக்கடையிலயும் எடுக்கலாம். நிக்கான்னா பழைய ஏஎஃப்–டி லென்ஸ் மலிவா இருக்குன்னு வாங்கிடாத, ஆரம்ப மாடல் பாடிகள்ல மோட்டார் இல்ல, ஆட்டோஃபோகஸ் ஆகாது. பறவைக்கு டெலி வேணும்னா ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கோ. மனுஷங்களுக்குக் கிட்ட போய்ப் பழகு."

35 வாங்கியதும் நான் முதலில் போனது அந்த டீக்கடைக்குத்தான். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றேன். "வேணாம்பா, எண்ணெ மூஞ்சியா இருக்கு" என்றார். கேமராவை இறக்கிவிட்டு டீ சொன்னேன்.

தம்பி விடவில்லை. "இப்படி ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு இருந்தா மொமென்ட் போயிடுமே அண்ணா?"

"போகும்டா" என்றேன். "எனக்கும் நிறைய போயிருக்கு."