சர்ச்சா, காங்கிரகேஷனா?

'சர்ச்', 'காங்கிரகேஷன்' இரண்டும் அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவற்றில் எதை எழுதுவது என்பது தலைபோகிற காரியம்.

வில்லியம் டிண்டேல் 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டார். கிரேக்க மூலத்தின் 'எக்லேசியா'வுக்கு 'சர்ச்' என்று எழுதாமல் 'காங்கிரகேஷன்' என்றார். 'அகாபே'வுக்கு 'சாரிட்டி'யை விட்டு 'லவ்' என்றார். 'பிரஸ்பிட்டரோஸ்' அவரிடம் 'பிரீஸ்ட்' ஆகாமல் 'சீனியர்' ஆனது. 'டூ பெனன்ஸ்' என்று வழங்கிய இடத்தில் 'ரிபென்ட்' வந்தது.

சர்ச் என்றதும் போப்பும் பிஷப்பும் நினைவுக்கு வருவார்கள். காங்கிரகேஷன் என்றால் கூடியிருக்கும் விசுவாசிகள் மட்டுமே. பெனன்ஸ் செய்யக் குருவானவர் வேண்டும், அவர் விதிக்கும் பரிகாரம் வேண்டும். ரிபென்ட் என்பதற்கு மனம் திரும்பினால் போதும்.

கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் 1529இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் வாதத்தை வெறும் மதவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. துருக்கியர் கூடினாலும் காங்கிரகேஷன்தானே? காமமும் லவ்தானே? சாரிட்டி என்றால்தானே நல்ல அன்பு? ஒரு சொல்லுக்கு அதைப் பேசும் மக்களின் வழக்கே பொருள் தருகிறது என்பது அவர் கட்சி. 'சீனியர்' ஆங்கிலமே இல்லை என்றும் கேலி செய்தார். அந்தக் குறையை ஒப்புக்கொண்ட டிண்டேல், 1534 பதிப்பில் அதை 'எல்டர்' என்று திருத்தினார்.

மற்றவற்றில் அவர் அசையவில்லை. எல்லாருக்கும் உரிய 'சர்ச்' என்ற சொல்லைக் குருமார் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்று 1531இல் பதில் எழுதினார். மோரின் உயிர்நண்பர் எராஸ்மஸும் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் 'காங்கிரகாத்தியோ' என்று எழுதியிருக்கிறாரே, அவரை ஏன் திட்டவில்லை என்றும் கேட்டார்.

மூலத்துக்கு உண்மையாக இருப்பதா, வழக்குக்கு உண்மையாக இருப்பதா? இரண்டும் வேதத்தின் பெயரால்தான் கேட்கப்பட்டன. வழக்கின் பக்கம் நின்ற மோருக்குப் பின்னால் சட்டமும் நின்றது. டிண்டேல் 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

ஜேம்ஸ் மன்னர் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரப்பட்ட விதிகளில் ஒன்று, 'சர்ச்' என்பதைக் 'காங்கிரகேஷன்' என்று மாற்றக்கூடாது என்பது. 1611இல் வெளிவந்த அந்த பைபிள், டிண்டேலின் வாக்கியங்களை ஏராளமாக எடுத்துக்கொண்டும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் 'சாரிட்டி'யையே வைத்தது. 1881இன் திருத்தப்பட்ட பதிப்பில் அந்த இடத்துக்கு 'லவ்' திரும்பியது. 'சர்ச்' இன்றும் பெரும்பாலான ஆங்கில பைபிள்களில் அப்படியே இருக்கிறது.