சார்ந்ததன் வண்ணமாகும் நிரல்

சேவையகத்தில் இயங்குவதற்கென ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்று லினக்ஸில் ஒருவாறும் விண்டோஸில் வேறொருவாறும் நடந்துகொள்ளும்போது, அதனைப் பொறியியல் குறைபாடு என்று மட்டுமே கொள்வது வழக்கம். திருத்துவோருக்கு அக்கருத்தே போதும்; ஆயினும் அதன் அடியில் மெய்யியல் வினா ஒன்று கிடக்கிறது. ஓரெழுத்தும் மாறாத நிரல் இரண்டு இயங்குதளங்களில் இருவேறு பயன் விளைக்குமாயின், அது ஒரே நிரல்தானா? எங்கு நின்றாலும் மாறாத தன்னியல்பு என்று அதற்கு ஏதேனும் உண்டா? பொருளின் தன்னியல்பையும் சார்பால் வந்த இயல்பையும் நுணுகி ஆராய்ந்த சைவ சித்தாந்தம் இவ்வினாவை அணுகத் தக்க கருவிகளைத் தருகிறது.

பிறிதொன்றைச் சாராமல் தன்னில் தானாய் நிற்கும் நிலையைச் சொல்வது சொரூப இலக்கணம் என்றும், பிறவற்றோடு கூடித் தோன்றும் நிலையைச் சொல்வது தடத்த இலக்கணம் என்றும் சித்தாந்திகள் பகுப்பர். இறைவனைக் குறித்தே பெரிதும் பேசப்படும் இப்பகுப்பை நிரலுக்குப் பொருத்தினால், முதலில் எளிய விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தை வரையறுப்பதும் 1997இல் முதன்முதலாக வெளியானதுமான எக்மா-262 என்னும் தரநிலை, கணக்கிடுவதையும் சொற்களை ஒப்பிடுவதையும் விதிக்கிறதே அன்றிக் கோப்பைத் திறப்பதைப் பற்றியோ வலையமைப்பில் செய்தி அனுப்புவதைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அப்பொறுப்பை மொழியை ஏந்தி நிற்கும் சூழலிடம் விட்டுவிடுகிறது. ஆகவே மொழிக்குள் அடங்கிய கணக்கே சொரூபம், ஏனையவை தடத்தம் என்று கோடு கிழிக்கத் தோன்றும். சேவையக நிரலில் இந்தக் கோடு நிலைக்காது. கோப்பையும் வலையமைப்பையும் நீக்கிவிட்டால், சேவையகம் என்று சொல்வதற்கு அங்கே எதுவும் எஞ்சாது.

ரயன் டால் 2009இல் உருவாக்கிய நோட்.ஜேஎஸ், அதாவது உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் சூழல், தொடக்கத்தில் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களையே நம்பி நின்றது. விண்டோஸிலும் அது இயல்பாக இயங்க வேண்டுமென்று 2011இல் முயன்றபோது எதிர்ப்பட்ட தடை, பெயர் வேறுபாடு அன்று, கருத்து வேறுபாடு. லினக்ஸின் ஈபோல் என்னும் ஏற்பாடு, ஓர் இணைப்பில் படிப்பதற்குத் தரவு ஆயத்தமாக இருக்கிறது என்று அறிவிக்கும். விண்டோஸின் ஐஓசிபி என்னும் ஏற்பாடோ, கேட்டுக்கொண்ட வேலை முடிந்துவிட்டது என்று அறிவிக்கும். ஒன்று செயலுக்கு முன்னும் மற்றது செயலுக்குப் பின்னும் பேசுகின்றன. இவ்விரண்டையும் உள்ளடக்கி நிரலுக்கு ஒரே முகம் காட்டுவதற்காக எழுந்ததே லிப்யூவி என்னும் நூலகம். அது வந்தபின் நிரலர் இயங்குதளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பரவியது. உண்மையில் நடந்தது வேறு: நிரலின் சார்பு ஒழியவில்லை, சார்பிடம் மாறியது.

லிப்யூவி என்னும் இப்போர்வை மூடாத இடங்களும் பல. கோப்புறைகளைப் பிரித்துக் காட்ட யூனிக்ஸ் சாய்கோட்டையும் விண்டோஸ் பின்சாய்கோட்டையும் கொள்வதற்குக் காரணம், விண்டோஸின் முன்னோடியான எம்எஸ்-டாஸ் 1983இல் கோப்புறைகளை ஏற்றபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக்குறியாக வழங்கிவந்தது என்பதே. யாரோ செய்த பழவினையின் பயனை வேறு யாரோ நுகர்கிறார்கள். செய்தவனையே வினை சேரும் என்னும் சமயக் கொள்கைக்கு இங்கே இடமில்லாமற்போவது கருதத்தக்கது. இதனினும் நுண்ணியது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. கோப்பின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்க, அதனை அழைக்கும் வரியில் பெரிய எழுத்து இருப்பின், மேக், விண்டோஸ் கணினிகளின் இயல்பான அமைப்பில் நிரல் தடையின்றி ஓடும். அதே நிரல் லினக்ஸ் சேவையகத்தில் ஏற்றப்பட்டவுடன், கோப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பிழை சேவையகத்தில் உண்டானதன்று. காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும் சற்காரியவாதம் சொல்வதுபோல, அது நிரலிலேயே இருந்தது. வெளிப்படுவதற்குரிய நிலம் பின்னர் வாய்த்தது.

தமிழ்க் கோப்புப் பெயர்களில் இச்சிக்கல் கண்ணுக்கே புலப்படாது. ‘கொள்கை’ என்ற பெயரின் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளில் 2017 வரை இயல்பான அமைப்பாக இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. ஒற்றைக் குறியீட்டில் எழுதிச் சேமித்த பெயரைக் கோப்புறைப் பட்டியலிலிருந்து மீண்டும் படித்து ஒப்பிட்டால், இரண்டும் வேறு என்றே ஜாவாஸ்கிரிப்ட் விடை சொல்லும். நார்மலைஸ் என்னும் செயற்கூற்றால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பீடு மெய்யாகும். சொரூபம் என்று மேலே கருதப்பட்ட சொல் ஒப்பீட்டிலும் நிலத்தின் சாயல் படிந்திருப்பதை இது காட்டுகிறது.

சார்பைத் தவிர வேறில்லை என்று பௌத்தர் கூறக்கூடும். மணிமேகலையின் இறுதிப் பகுதி விரித்துரைக்கும் பன்னிரு சார்புகளின் கொள்கைப்படி, ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறதே அன்றி, நிலையான பொருள் எதுவும் இல்லை. அவ்வாறாயின் லினக்ஸில் ஓடியதும் விண்டோஸில் ஓடியதும் இருவேறு நிகழ்வுகள், நிரல் என்று தனியே ஒன்றில்லை. வலிமையான வாதம்தான். ஆனால் இதனை ஏற்றால், விண்டோஸில் நிரல் பிறழ்ந்தது என்று யாரும் சொல்ல இயலாது. பிறழ்ச்சி என்று சொல்வதற்கே, இரண்டு இடத்திலும் நிகழ வேண்டியிருந்த ஒன்றை முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சித்தாந்தத்தின் விடை இவ்விடத்தில் மேலும் பொருந்துகிறது. உயிர் உள்பொருளே, ஆயினும் பக்கத்திலுள்ள பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டும் படிகம்போல, சார்ந்ததன் வண்ணமாவதே அதன் தன்னியல்பு. மலம் என்னும் மாசு நீங்கிய நிலையிலும் அது தனித்து நிற்பதில்லை. இறைவனைச் சார்ந்து நிற்கும். நிரலின் இருப்பும் இத்தகையதே. சார்பு அதற்கு வந்து சேர்ந்த மாசு அன்று. அதன் இயல்பே அது. எந்த இயங்குதளத்தையும் சாராத நிரலை எழுதிவிட்டதாகக் கருதுபவர், சார்பை அறியாதிருக்கிறாரே அன்றிச் சார்பைக் கடந்தவர் அல்லர். பாதைகளை இணைக்க நோட் தரும் செயற்கூற்றை விடுத்துக் கையால் சாய்கோடு இடுபவரும் இவரே.

ஆதலால் பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்கென நிரல் தொகுப்பை வெளியிடுவோருக்கு, அது எதனைச் சார்ந்திருக்கிறது என்று அறிவிக்கும் அறக்கடமை உண்டு. தொகுப்போடு செல்லும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில், எந்தெந்த இயங்குதளங்களுக்கு உரியது என்று குறிப்பதற்கு ‘ஓஎஸ்’ என்ற தனிப்புலமே இருக்கிறது; அதில் இடம்பெறாத இயங்குதளத்தில் அத்தொகுப்பை நேரடியாக நிறுவ முயன்றால், தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். ஒரே இயங்குதளத்தில் மட்டும் ஓடக்கூடிய தொகுப்பை வெளியிடுவோர் அப்புலத்தை வெறுமையாக விடாதிருக்க வேண்டும்.