செய்து கற்றலும் செய்தவன் பொறுப்பும்

கலையைக் கற்பித்தல் இயலுமா என்னும் வினா மிகப் பழமையானது. கருவியைக் கையாளக் கற்பிக்கலாம், கலையுணர்வைக் கற்பிக்க இயலாது என்பர் ஒரு சாரார். கருவியைக் கையாளும்பொழுதே கலையுணர்வும் அரும்பும் என்பர் மற்றொரு சாரார். ஓவியம், சிற்பம், இசை ஆகியவற்றைக் குறித்து எழுந்த இவ்வழக்கு, கணினியும் உணரியும் கலந்து உருவாகும் ஊடாட்டக் கலையைக் குறித்தும் இன்று எழுகின்றது.

ஊடாட்டக் கலையாவது, காண்போரை வாளா நின்று காணவிடாமல், அவர்தம் அசைவையும் குரலையும் தொடுதலையும் ஏற்று, அவற்றிற்கேற்பத் தானும் மாறும் கலை. முன்பின் அறியாத மனிதர் ஒருவரிடம் தன் படைப்பு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் இக்கலைஞன் வகுக்க வேண்டியவனாகின்றான். ஆதலின் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்முன் தொழில்நுட்ப வினாவோடு அறவினாவும் வந்து நிற்கின்றது. மாணவனைச் செய்யவிட்டால் மட்டும் போதுமா? செய்தவன் யாருக்கு விடைகூறக் கடமைப்பட்டவன்?

கைவழி வரும் அறிவு

முதலில் கோட்பாடு, பின்னர்ச் செயல் என்னும் வரிசையே பள்ளிகளில் நெடுங்காலம் நிலவியது. ஆயினும் இதற்கு மாறான சிந்தனையும் பழமையானதே. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகின்றான். நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளன் ஆகின்றான் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்து. கைத்தொழிலையும் ஒழுக்கத்தையும் அவர் ஒரே நெறியில் வைத்து எண்ணியது குறிப்பிடத்தக்கது. 1896-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் சமையலும் நெசவும் தச்சும் பாடங்களாயின. 1919-இல் செருமனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹௌஸ் கலைப்பள்ளியில், வடிவம் கற்பிக்க ஒரு கலைஞரும் தொழில் கற்பிக்க ஒரு கைவினைஞரும் என ஒரு பட்டறைக்கு இருவர் ஆசிரியராயினர்.

இந்நெறியைக் கணினிக்குக் கொணர்ந்தவருள் தலையாயவர் சேமூர் பேப்பர்ட். 1967-இல் அவரும் வாலி ஃபியூர்சீக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து சிறுவர்க்கென லோகோ என்னும் கணினிமொழியை உருவாக்கினர். அதில் ‘ஆமை’ என்னும் சிறு வடிவம் ஆணைப்படி நகர்ந்து கோடு வரையும். நூறு அடி முன்செல், தொண்ணூறு பாகை திரும்பு என நான்கு முறை கூறினால் சதுரம் கிடைக்கும். முக்கோணம் வரைய முற்படும் சிறுவன், அதன் உட்கோணம் அறுபது பாகை என்று பாடத்தில் படித்திருப்பதால், அறுபது பாகை திரும்புமாறு மும்முறை ஆணையிடுகின்றான். முக்கோணம் வருவதில்லை, அறுகோணத்தின் பாதியே வருகின்றது. அவன் எழுந்து, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கின்றான். திரும்ப வேண்டிய அளவு வெளிக்கோணமாகிய நூற்றிருபது பாகை என்பது அவன் காலுக்குத் தெரிகின்றது; பின்னர்க் கருத்துக்கும் தெரிகின்றது.

இந்நிகழ்ச்சியில் கணக்கினும் பெரிய பாடம் ஒன்று உளது. ஆமை அவனைக் கடிந்துகொள்வதில்லை; அவன் சொன்னதைச் சொன்னவாறே செய்து காட்டுகின்றது. பிழை என்பது வெட்கத்திற்குரியதன்று, ஆராய்ந்து திருத்துதற்குரியது என்பதை அவன் உணர்கின்றான்.

கடன்பட்ட கருவிகள்

2001-ஆம் ஆண்டில் கேசி ரியாஸ், பென் ஃபிரை என்னும் இருவர், ஓவியரும் வடிவமைப்பாளரும் நிரலெழுதக் கற்கும்பொருட்டுப் புராசெசிங் என்னும் மென்பொருளைப் படைத்து யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். இத்தாலியின் இவ்ரியா நகரில் அமைந்திருந்த ஊடாட்ட வடிவமைப்புக் கல்விக்கூடத்தில், கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ராகான் அந்நெறியை மின்சுற்றுக்கு விரித்து, 2003-இல் வயரிங் என்னும் கருவியைத் தம் முதுநிலை ஆய்வாக உருவாக்கினார். அதன்மேல் எழுந்ததே, மாசிமோ பான்சியும் அவர்தம் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட அர்டுவினோ பலகை. இன்று உலகெங்கும் பள்ளிகளில் சிறுவர் விளக்கை மின்னச் செய்வதும் சக்கரத்தைச் சுழலச் செய்வதும் பலவிடத்து இப்பலகையாலும் இதன் வழிவந்தவற்றாலும் ஆகும்.

அர்டுவினோவின் பெயரை அறிந்தோர் பலர். பர்ராகானின் பெயரை அறிந்தோர் சிலரே. 2016-இல் அவரே அவ்வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். மாணவர்க்கு இவ்வரலாறு கட்டாயம் கூறப்பட வேண்டும். யாவரும் எடுத்தாளலாம் எனத் திறந்து வைக்கப்பட்ட பொருளை எடுத்தாள்வது குற்றமன்று. எங்கிருந்து எடுத்தோம் எனக் கூறாது விடுவதே குற்றம். ஒவ்வொரு படைப்பின் அருகிலும், இதற்கு உதவிய நிரல் யாருடையது, இம்மின்சுற்றைக் காட்டித் தந்தவர் யார் என ஒரு தாளில் எழுதிவைக்கும் பழக்கம், நன்றியறிதலைப் பற்றிய நூறு சொற்பொழிவுகளினும் பயன் மிகுந்தது.

கண்ணாடி காணாத முகம்

1970-களில் அமெரிக்கக் கலைஞர் மைரன் குரூகர் வீடியோபிளேஸ் என்னும் படைப்பை உருவாக்கினார். வந்தவரின் நிழலுரு திரையில் தோன்றும். திரையிலுள்ள சிற்றுயிர் ஒன்று அந்நிழலின்மேல் ஏறி விளையாடும். வந்தவர் கையுறையோ வேறு கருவியோ அணிய வேண்டியதில்லை. மனிதர் எவ்வாறு வருகின்றனரோ அவ்வாறே அவர்களை ஏற்கும் இப்பண்பு, தொழில்நுட்பமாக இருப்பதோடு விருந்தோம்பலாகவும் விளங்குகின்றது.

ஆனால் இயந்திரம் எல்லாரையும் ஒன்றுபோல் ஏற்கின்றதா? எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மாணவியாயிருந்த ஜாய் புவலம்வினி, காண்போர் முகத்தின்மீது ஊக்கமூட்டும் உருவங்களைப் பொருத்திக் காட்டும் கண்ணாடி ஒன்றைப் படைக்க முனைந்தார். அதில் பொருத்திய முகமறி மென்பொருள் அவருடைய கரிய முகத்தை முகமென்றே அறியவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை அணிந்தபின்னரே அறிந்தது. அவர் அதனை ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கவில்லை. டிம்னிட் கெப்ருவுடன் இணைந்து 2018-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, முகத்தைக் கொண்டு ஆண் பெண் வேறுபாடு கூறும் வணிக மென்பொருள்களில், வெளிர்நிற ஆடவரிடத்துப் பிழை நூற்றுக்கு 0.8-க்கு மேற்படாதிருக்க, கருநிற மகளிரிடத்து 34.7 வரை சென்றதைக் காட்டியது.

இக்கண்டுபிடிப்பு ஒரு கலைப்படைப்பைத் தம் கையால் செய்ய முயன்றபோது தொடங்கியது. கரிய நிறமுடைய தமிழ் மாணவர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. தாம் செய்யும் கருவி யாரைக் காணும், யாரைக் காணாது என்று கேட்கப் பழகாத மாணவன், பிறர் செய்த அநீதியை அறியாமலே மறுபடியும் செய்துவிடக்கூடும்.

மறக்கத் தெரிந்த கருவியும் உண்டு. ராஃபேல் லோசானோ ஹெம்மர் 2006-இல் படைத்த பல்ஸ் ரூம் என்னும் அறையில், வந்தவர் பிடியைப் பற்றியதும் அவர்தம் இதயத்துடிப்புக்கேற்ப ஒரு மின்விளக்கு மின்னும். அடுத்தவர் வந்ததும் முந்தியவர் துடிப்பு அடுத்த விளக்கிற்கு நகரும். பலர் வந்தபின் வரிசையினின்று மறைந்துவிடும். ஒருவரிடமிருந்து பெற்றதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்னும் வினாவிற்கு அப்படைப்பின் அமைப்பே விடையாகின்றது.

ஆசிரியர் கடமை

செய்து கற்றலில் குறையே இல்லை எனல் தகாது. படத்தைப் பார்த்துக் கம்பிகளைச் செருகி விளக்கை மின்னச் செய்த மாணவன், அஃது ஏன் மின்னுகின்றது என்பதை அறியாதிருக்கக் கூடும். அவனிடம், விளக்கு இருமடங்கு விரைவாக மின்னட்டும் எனக் கூறிவிட்டு ஆசிரியர் காத்திருக்க வேண்டும். அவன் திணறும்பொழுது கம்பியைப் பிடுங்கித் தாமே செருகும் ஆசிரியர், அவனுக்கு உதவுவதாக எண்ணி அவனது கல்வியைக் கவர்ந்துகொள்கின்றார். இப்பாடத்தில் ஆசிரியரின் கை அடங்கியிருத்தலே அரிய திறன்.

மாணவர் செய்த படைப்பைச் சிறு குழந்தை ஒன்றும், முதியவர் ஒருவரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் ஒருவரும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அப்பொழுது படைத்தவன் விளக்கம் கூறாது அருகில் நிற்க வேண்டும். உணரி எட்டாத உயரத்தில் இருப்பதும், எழுத்து கண்ணுக்குத் தெரியாததும் அந்த அமைதியில் அவனுக்கு விளங்கும். பிறர் இடரைக் கண்டு தன் படைப்பை மாற்றிக்கொள்பவன், கலையோடு பரிவையும் கற்றவனாகின்றான்.

மதிப்பீட்டிலும் மாற்றம் வேண்டும். இயங்கும் பொருளுக்கு முழு மதிப்பெண், இயங்காததற்குச் சுழி என்னும் முறை மாணவனைக் கடைக்கு அனுப்பும். அல்லது தமையனிடம் அனுப்பும். ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளைத் தன்னுடையது எனக் காட்டி அவன் பாராட்டுப் பெறுவான். அன்று அவன் கற்றது பொய். எதனை முயன்றான், எங்கே தவறினான், எவ்வாறு திருத்தினான் என நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டிற்கும் மதிப்பெண் வழங்கினால், இயங்காத பொருளோடு வரும் மாணவனும் தலைநிமிர்ந்து உண்மை பேசுவான்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று பயிலும் பலகையும் மொழியும் இம்மாணவர் பெரியோராகும் காலத்து அருங்காட்சியகத்தை அடைந்திருக்கலாம். பிழையை ஒளிக்காமையும், பெற்ற உதவியைக் கூறுதலும், தன் படைப்பின்முன் நிற்கும் மனிதரை மதித்தலும் எக்கருவிக்கும் வேண்டப்படுவன. இவற்றைக் கையின்வழியே கருத்தில் பதிப்பதற்கு இக்கலை ஏற்றதொரு வாயில். அதனைத் திறந்துவைப்பது ஆசிரியர் கடன். அதனுள் தன் கையாலே செய்து, செய்ததற்குத் தானே விடைகூறி நடப்பது மாணவர் கடன்.